அயல் கருவியில் நம் இசை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

இசைக்கு மொழி இல்லை என்பர். இசைக் கருவிக்கு நாடு உண்டா?

மரக்காணம் உப்பளக் கரையிலுள்ள எங்கள் ஊர்த் திருவிழாவில் நாகசுரத்துடன் பேண்டு செட்டும் முழங்கும். அதில் உப்புக் காற்றால் களிம்பேறிய சாக்ஸபோன் ஒன்று சினிமாப் பாட்டு வாசிக்கும். அதிலே கருநாடக இசையும் எழும் என்று நான் எண்ணியதில்லை. எழுப்பிக் காட்டிய மேதை கத்ரி கோபால்நாத்.

பிறப்பும் பயிற்சியும்

இவர் 1949 ஆம் ஆண்டு தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் தனியப்பா நாகசுரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மனம் பறிகொடுத்த இவர், மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார்.

கருவியும் கமகமும்

சாக்ஸபோனை உருவாக்கியவர் பெல்ஜிய நாட்டு அடால்ப் சாக்ஸ். 1846 இல் காப்புரிமை பெற்றார். நாகசுரத்தைப் போலவே இதுவும் கூம்பு வடிவக் குழல். ஆகவே இரண்டிலும் அழுத்தி ஊதினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். காற்றுத் தம்ப அதிர்வு பற்றிய பாடத்தில் நாம் படிப்பது இதுவே.

வேறுபாடு துளைகளில் உள்ளது. நாகசுரத் துளையை விரலால் பாதி மூடிக் கமகத்தை வரவழைக்கலாம். சாக்ஸபோனிலோ விரல் துளையைத் தொடுவதில்லை. சாவியை அழுத்தினால் மூடி அடைக்கும். சுரங்கள் படிப்படியாகத் தாவும், வழுக்கிச் செல்லா. கோபால்நாத் கருவியில் சில மாற்றங்கள் செய்தார். எஞ்சியதை உதட்டாலும் மூச்சாலும் பல்லாண்டு உழைத்து வென்றார்.

பெற்ற புகழ்

1980 இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் இணைந்து வாசித்தார். 1994 இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பி.பி.சி. இசை விழாவில் வாசித்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வாயிலாக இவரது வாசிப்பு தமிழக மக்களின் செவிகளை எட்டியது. 2004 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபர் 11 இல் மங்களூரில் மறைந்தார்.

நமக்குப் பாடம்

என் பெற்றோர் உப்பு வாருபவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “உப்பளத்துப் பிள்ளைக்கு இயற்பியல் எதற்கு?” என்று கேட்டவர்கள் உண்டு. ஆங்கிலப் பாடநூல் எனக்கு அயல் கருவியாகவே இருந்தது. முதலாண்டில் ஒரு தாளில் தவறினேன். மறுமுறை எழுதித் தேறினேன். அந்நாள்களில் இரவுதோறும் கோபால்நாத்தின் வாசிப்பே எனக்குத் துணை.

நண்பர்களே! கருவி எந்நாட்டதாயினும் ஆகுக. அதில் நம் மூச்சைச் செலுத்தினால் அது நம்முடையதே.