பாலக்கோட்டில் மைக் பிடிக்கும் தம்பிக்கு



முழங்கால் போன பிறகு கூடைப்பந்து ஆட முடியாமல், பாலக்கோடு வட்டாரத்துப் போட்டிகளுக்கு வர்ணனை செய்யத் தொடங்கியிருக்கிறாய். ஆட்டம் உனக்குத் தெரியும். கூட்டத்துக்கும் உன் குரல் பிடித்திருக்கிறது. ஆனால் 'ப'விலும் 'க'விலும் தொடங்கும் சொல் வந்தால் நாக்கு இடறுகிறது. கூடை, பந்து, பாஸ், கோர்ட், பையன் என்று இந்த ஆட்டத்துக்கு வேண்டிய சொற்களில் பாதி அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்குகின்றன. திக்குவாய்க்காரனுக்கு எதற்கு மைக் என்று யாரோ சொன்னது உன்னைத் தைத்துவிட்டது.

அதற்கான பதில் பில் வால்டன் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரரின் வாழ்க்கையில் இருக்கிறது.

சான் டியேகோ பக்கத்துக்காரரான வால்டன் 2024 மே 27 அன்று தன் 71-ஆவது வயதில் புற்றுநோயால் இறந்தார். அவரை நினைத்து வருந்தியவர்களில் இரண்டு தலைமுறை ரசிகர்கள் இருந்தார்கள். மூத்தவர்கள் அவர் ஆடியதைக் கண்ணால் கண்டவர்கள். கல்லூரி அணிக்காக 1973 தேசிய இறுதிப் போட்டியில் 22 முறை கூடைக்கு எறிந்து 21 முறை உள்ளே போட்டு, 44 புள்ளிகள் குவித்த செம்பட்டை முடிக்காரனை அவர்களுக்குத் தெரியும். 1977-இல் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்ற பிறகும் அடுத்த நான்கையும் வென்று போர்ட்லாண்ட் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததும், மறு ஆண்டே லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றதும் அவர்கள் கண் முன்னால் நடந்தவை. இளையவர்கள் அவர் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. சாயம் முடிந்து தோய்த்த பல வண்ணச் சட்டையோடு உட்கார்ந்து, கல்லூரி ஆட்டத்தின் நடுவே எரிமலையைப் பற்றியும் ஆறுகளைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடும் பெரியவராகத்தான் அவர்களுக்கு அவர் பழக்கம். நேரலையில், எரிகிற மெழுகுவர்த்தியோடு சேர்த்துக் கேக்கை அவர் கடித்ததைச் சொல்லிச் சொல்லி அழுதவர்கள் உண்டு. ஒரே மனிதருக்காக இரண்டு கூட்டம், இரண்டு வேறு காரணங்களுக்காக அழுதது.

அவர் 28 வயது வரை திக்கினார். சாதாரணத் திக்கல் இல்லை. ஒரு வணக்கம், ஒரு நன்றி சொல்வதற்கே தவித்ததாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கோப்பையும் விருதும் கையில் வந்த காலத்தில்கூட வாய் திறக்கப் பயந்து ஒதுங்கியே இருந்தார்.

அந்த வயதில் ஒரு விழாவில் மார்ட்டி கிளிக்மன் என்பவரைச் சந்தித்தார். கிளிக்மனின் கதையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் களத்திலிருந்து மைக்குக்கு வந்தவர்தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்துக்குத் தேர்வான அமெரிக்க ஓட்டக்காரர், யூதர். கடைசி நேரத்தில் அவரையும் இன்னொரு யூத வீரரான சாம் ஸ்டாலரையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓடவே விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட அந்த இளைஞர், பிற்பாடு நியூயார்க் வானொலியில் கூடைப்பந்தின் குரலாக ஆனார். இப்படி ஒரு கதவு அடைபட்டவரிடம்தான் வால்டன் போய்ச் சேர்ந்தார்.

கிளிக்மன் அவரிடம் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. பேச்சும் ஆட்டத்தைப் போல ஒரு திறமை, பழகினால் வரும் என்று சொல்லிப் பயிற்சிகளைக் கொடுத்தார். எண்ணத்தின் வேகத்தைக் குறைத்து வாய்க்கு நேரம் கொடுக்கச் சொன்னார். சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்று தாடைத் தசைக்கு வலுவேற்றச் சொன்னார். சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார். எந்த ஒலி இடறுகிறதோ அதைக் கண்டுபிடித்து, அதில் தொடங்கும் சொற்களை மறுபடி மறுபடி சொல்லிப் பழகச் சொன்னார். வால்டனுக்கு இது உடனே பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் ஜான் வுடன், நாடே வியந்த ஆட்டக்காரர்களுக்கும் முதல் நாள் பயிற்சியாகச் சொல்லிக் கொடுத்தது சாக்ஸ் போடுவது எப்படி என்பதை. சாக்ஸில் சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. அந்தக் கண்டிப்பில் வளர்ந்தவருக்கு, எழுத்து எழுத்தாகப் பேசப் பழகுவது புதிதாக இருந்திருக்காது.

நீயும் லே-அப் பழகியது இப்படித்தானே? முதலில் பந்தில்லாமல் வெறும் காலடி, அப்புறம் நடந்து, அப்புறம் ஓடி. தினம் காலையில் அரை மணி நேரம் நாளிதழை உரக்கப் படி. 'ப'வுக்கும் 'க'வுக்கும் ஒரு நோட்டுப் போட்டுச் சொற்களை எழுது. முடிந்தால் தருமபுரியிலோ சேலத்திலோ ஒரு பேச்சுப் பயிற்சியாளரையும் பார். வால்டன் கடைசி வரை தன்னைத் திக்குபவர் என்றே சொல்லிக்கொண்டார், அதை மறைக்கவில்லை. ஆனாலும் விருது வாங்கிய தொலைக்காட்சி வர்ணனையாளராகப் பல்லாண்டு பேசினார்.

இனி பேச்சுக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற விஷயம். இதில்தான் உன் வர்ணனையில் குறை தெரிகிறது. 'பந்து எடுத்தார், பாஸ் செய்தார், போட்டார், இரண்டு பாயிண்ட்' என்று போகிறாய். அது எல்லோருக்கும் தெரிகிறதே, தம்பி! பந்து எங்கே இருக்கிறது என்பதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். பந்து இல்லாத நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்பது ஆடியவன் கண்ணுக்குத்தான் படும். வால்டன் ஆடிய காலத்தில் அவரைத் தனித்துக் காட்டியது பாஸ். கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தை எம்பிப் பிடித்து, கால் தரையைத் தொடுவதற்குள் உடம்பைத் திருப்பி, மறு முனைக்கு ஓடுகிறவன் கைக்கு அனுப்பிவிடுவார். அந்தப் பந்து போகப் போகும் இடம் பிடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஆட்டத்தை ஒரு கணம் முன்கூட்டிப் பார்த்தவர் பேச வந்ததால்தான் அவர் பேச்சுக்கு எடை இருந்தது.

நம்மூர் கிரிக்கெட்டிலும் இப்படி வந்தவர்கள் உண்டு. 1954-55 பருவத்தில் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வென்று, சென்னை மாநிலத்துக்கு முதல் ரஞ்சிக் கோப்பையைக் கொண்டு வந்த அணித்தலைவர் பாலு அழகண்ணன், பிறகு அகில இந்திய வானொலியின் ஆங்கில வர்ணனையாளராகப் பேர் வாங்கினார். வி. பி. சந்திரசேகரை உன் வயதுக்காரர்களுக்கே ஓரளவு நினைவிருக்கும். 1988 இரானிக் கோப்பைப் போட்டியில் 56 பந்துகளில் சதம் அடித்தவர். இந்தியாவுக்கு ஆடியது 7 ஒருநாள் ஆட்டங்கள்தான். முதல்தரப் போட்டிகளில் அவர் சேர்த்தது 4,999 ஓட்டங்கள். ஐயாயிரத்துக்கு ஒன்று குறைவு என்ற அந்த எண்ணை இன்றும் ரசிகர்கள் மனம் கனக்கச் சொல்வார்கள். தேர்வாளராக இருந்தார், 2008 ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு தோனியைச் சென்னை அணிக்கு எடுத்த மேசையில் இருந்தார், பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார், வர்ணனை செய்தார். 2019 ஆகஸ்ட் 15 அன்று, 58-ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்னதாக, திடீரென்று மறைந்தார். அன்று சென்னை ரசிகர்கள் எடுத்துப் பேசியதில் அந்த 56 பந்துகளும் தோனிக்காகத் தூக்கிய கையும்தான் முன்னால் நின்றன. தொடக்க ஆட்டக்காரராக அவருக்கு இருந்த துணிச்சலும் ஆளைக் கணிக்கும் பார்வையும் ஒன்றே என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

களத்தில் பெரிதாக ஆடாமலே ஆட்டத்தைத் தமிழில் கண் முன் நிறுத்தியவர் அப்துல் ஜப்பார். சாத்தான்குளத்துக்காரர், நாடகக் கலைஞர். 1980-களில் சென்னை வானொலியில் அவர் தமிழில் கிரிக்கெட் சொன்னபோது, வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரும் டிரான்சிஸ்டரை வரப்பில் வைத்துக் கேட்டார். இலக்கியத் தமிழும் நாடகக் குரலும் அவருக்குக் கைகொடுத்தன. 2020 டிசம்பரில் அவர் இறந்தபோது நடுத்தர வயதைக் கடந்த பலருக்கு நினைவுக்கு வந்தது எந்த ஸ்கோரும் இல்லை. பொங்கல் நாள், சேப்பாக்கம், அந்தக் குரல்.

ஜப்பாரையும் கிளிக்மனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இருவருமே சொல் தேடியவர்கள். வானொலியில் கூடைப்பந்து கேட்பவனுக்கு மைதானம் தெரியாது என்பதால் கிளிக்மன் ஆடுகளத்தின் ஒவ்வொரு மூலைக்கும் பேர் வைத்துப் பேசினார். வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கும் பந்தின் ஓசையையே சொல்லாக்கி 'ஸ்விஷ்' என்று பரப்பினார். ஜப்பாரின் தலைமுறை மட்டையாளர், களத்தடுப்பு, ஓட்டம் என்று கிரிக்கெட்டுக்குத் தமிழ் நாக்கைப் பழக்கியது. கூடைப்பந்துக்கு அந்த வேலையை இன்னும் யாரும் முழுதாகச் செய்யவில்லை. இத்தனைக்கும் இந்த ஆட்டம் இங்கே புதிதல்ல. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது. அனிதா பால்துரை போன்ற ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து போய் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார். ஆட்டம் இருக்கிறது, ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்லும் தமிழ்தான் குறைச்சல்.

ஓசையை வைத்துச் சொல் செய்வதில் நம் மொழிக்கு ஈடு ஏது? சரக், பொத், விசுக், தட், சளார் என்று எத்தனை! பந்து வலைக்குள் இறங்குவதற்கும் பலகையில் மோதுவதற்கும் சிமெண்ட் தரையில் துள்ளுவதற்கும் தனித்தனி ஒலி. இதைக் காதால் கேட்டு வளர்ந்தவன் நீ. அதற்காக ரீபவுண்டையும் ஃபவுலையும் தூக்கிப் போட்டுவிட்டு அகராதித் தமிழில் பேசு என்று அர்த்தமில்லை. பையன்கள் களத்தில் எப்படிக் கத்துகிறார்களோ அதை எடுத்துக்கொள், அதிலிருந்து தொடங்கு.

உனக்குப் பள்ளிக்கூடம் பாலக்கோட்டிலேயே இருக்கிறது. விடியற்காலையில் தக்காளி மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவரைக் கேள். எத்தனை வேகமாகப் பேசினாலும் விலை மட்டும் தெளிவாகக் காதில் விழும். மற்றச் சொற்களை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் குரலை நிறுத்துவார். மாசி, பங்குனியில் இந்தப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய உட்கார்ந்து கட்டியங்காரனைக் கவனி. துரியோதனன் யார், ஏன் கோபத்தோடு வருகிறான் என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொல்லி, வேடக்காரன் ஆடத் தொடங்கியதும் ஓரமாக ஒதுங்கிக்கொள்வான். வர்ணனையாளனும் ஒதுங்க வேண்டிய நேரம் உண்டு. கடைசி பத்து விநாடி, ஒரு புள்ளி வித்தியாசம், பந்து காற்றில் இருக்கிறது. அப்போது பேசாதே.

வால்டன் இதை எப்போதும் செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் நிறையப் பேசினார். ஆட்டத்தை விட்டு எங்கெங்கோ போனார். அதற்காகவே ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த சக வர்ணனையாளர் டேவ் பாஷ் அவரைப் பிடித்து ஆட்டத்துக்குள் இழுத்து வருவதே ஒரு வேலையாக இருந்தது. அந்தப் பாணியை இந்த வயதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பல வருட வலிக்குப் பின் வந்தது. காலிலும் முதுகிலும் முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். லீக் வாழ்க்கை முழுவதும் சேர்த்து அவரால் ஆட முடிந்தது 468 வழக்கமான ஆட்டங்கள். 2009-இல் முதுகெலும்பு அறுவை; அதற்கு முன் எழுந்து உட்காரவே முடியாமல் தரையில் கிடந்த நாட்கள். அங்கிருந்து திரும்பி வந்து மைதான ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பந்து, மலை, மழை, எதிரணிப் பையனின் சிரிப்பு எல்லாமே கொண்டாட வேண்டியவையாகத் தெரிந்தன. 1990-களில் அதே வால்டன் தவறு செய்த ஆட்டக்காரரைக் கடுமையாகச் சாடும் வர்ணனையாளராக இருந்தார். ரசிகர்கள் கடைசியில் மனதில் வைத்துக்கொண்டது பின்னால் வந்த வால்டனை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. போன போட்டியில் ஃப்ரீ த்ரோவை இரண்டு முறை தவறவிட்ட ஒன்பதாம் வகுப்புப் பையனை மைக்கில் கிண்டல் செய்தாய், கூட்டம் சிரித்தது. அவன் அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவிட்டு நேரே மைதானத்துக்கு வந்து, வேலி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்கியதால் தவறியது என்று உனக்குத் தெரியும். உன் கையும் நடுங்கியிருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். முழங்காலை மடக்காமல் எறிகிறான், அடுத்த முறை மடக்கினால் விழும் என்று சொல்லியிருந்தால் அவனே கேட்டுத் திருத்தியிருப்பான்.

அடுத்த போட்டிக்கு முதல் நாளே இரண்டு அணிப் பையன்களையும் பார்த்து, பேரையும் ஊரையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள். நம் வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. பேரை ஒரு எழுத்து மாற்றிச் சொன்னாலும் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். 'ப'வில், 'க'வில் தொடங்கும் பேர்களைத் தனியாக எழுதி, இரவில் இருபது தடவை உரக்கச் சொல்லிப் பார். அப்படியும் மைக்கில் இடறினால் நின்று, மூச்சு விட்டு, மறுபடி சொல். கூட்டம் காத்திருக்கும்.

இன்னொன்று. ரீபவுண்டுக்கு மாரண்டஅள்ளிப் பையன்கள் களத்தில் ஏதோ ஒரு சொல் வைத்துக் கத்துகிறார்கள் என்றாயே, அது என்னவென்று அடுத்த கடிதத்தில் எழுது.