பாப்பாவுக்கு, டயர் விஷயமாக

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். டயரில் ஒரு ஸ்க்ரூ ஏறியிருக்கிறது; தலை தேய்ந்து பளபளவென்று தெரிகிறது. பஞ்சர் கடைக்காரர் "நூத்தம்பது ரூபா, அஞ்சு நிமிஷம்" என்கிறார். டயர் ஷோரூமில் "நாலையும் மாத்திடுங்க மேடம்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். இரண்டு இடத்திலும் டயரைக் கழற்றிப் பார்க்கவில்லை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் இரண்டு பேச்சையும் இப்போதைக்கு ஓரமாக வை. அவரவர் வயிற்றுப்பாடு அவரவருக்கு. அதில் எனக்குக் கோபமில்லை.

முதலில், அந்த ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடாதே. அடைப்பாக இருப்பதே அதுதான். சோப்பு நுரையை அதன் மேல் தடவிப் பார். குமிழி வரவில்லை, மறுநாள் காலையிலும் காற்று இறங்கவில்லை என்றால், ஸ்க்ரூ குட்டையானதாக இருந்து ரப்பரோடு நின்றிருக்கலாம். அப்படிப் பிழைத்த டயர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குமிழி வந்தால், அடுத்த கேள்வி இடம். தரையைத் தொடும் பாகத்தை, பட்டன் உள்ள பாகத்தை, பார். ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிகள் கோத்த பட்டைகள் சுற்றிலும் ஓடுகின்றன. அதனால் அந்தப் பாகம் விறைப்பாக இருக்கும், அதிகம் வளையாது. அங்கே 6 மில்லிமீட்டர் வரையுள்ள ஓட்டையை ஒழுங்காக அடைத்தால் டயர் தன் ஆயுளை முடித்துவிட்டுத்தான் போகும். பக்கச்சுவர் அப்படியில்லை. உள்ளே வெறும் நூல் இழைகள். ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு வரும்போது பிதுங்கி, மேலே போகும்போது நிமிரும். உன் வண்டியின் 15 அங்குல டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை தடவை மடங்கி நிமிரும் இடத்தில் எந்த ஒட்டும் நிற்காது. பக்கச்சுவரில் குத்து விழுந்தால் டயரை மாற்றத்தான் வேண்டும். அதில் பேரம் இல்லை.

சிக்கல் இரண்டுக்கும் நடுவே உள்ள தோளில். பட்டன் முடிந்து பக்கம் இறங்குகிற விளிம்பு அது. கம்பிப் பட்டைகள் அங்கேதான் முடிகின்றன, சூடும் அங்கே அதிகம். டயரில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில் கடைசிப் பள்ளத்துக்கு உள்பக்கம் ஸ்க்ரூ இருந்தால் நிம்மதி. அதற்கு வெளியே என்றால் நான் ஒட்ட மாட்டேன். உன் படம் சாய்வாக எடுத்தது, அதில் எனக்கு இது பிடிபடவில்லை.

பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி புடைப்பு கண்டாலும் அதே தீர்ப்புதான். பள்ளத்திலோ, பெயின்ட் அடிக்காத வேகத்தடையிலோ வேகமாக இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, உள்ளே இழை அறுந்திருக்கும். காற்று அந்த வழியாக ரப்பரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு சொட்டுக் காற்றுகூடக் குறைந்திருக்காது, அதுதான் அதில் ஏமாற்று. புடைப்போடு நெடுஞ்சாலை ஏறாதே.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். ஒரு மழை இரவு, திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். வண்டி இடப்பக்கம் இழுத்தது. நனைய மனமில்லை. அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போய்விடலாம் என்று இரண்டு கிலோமீட்டர் உருட்டினேன். வாசலில் டயரைத் தொங்கவிட்டு வெள்ளைப் பெயின்டில் 'பஞ்சர்' என்று எழுதியிருந்த கடை. அவர் டயரை ரிம்மிலிருந்து கழற்றிச் சரித்தார்; உள்ளேயிருந்து மிளகுத்தூள் போலக் கறுப்புப் பொடி கொட்டியது. ஆணி போட்ட ஓட்டை தீக்குச்சி அளவு, நட்டநடுவில். "ஆணி ஒண்ணும் பண்ணல சார், நீங்கதான் அரைச்சுட்டீங்க" என்றார். காற்றில்லாமல் உருண்டதில் பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளே பொடியாகியிருந்தது. வெளியே துடைத்துப் பார்த்தால் புது டயர்!

அதனால்தான் கழற்றிப் பார் என்று அடித்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து ஸ்ட்ரிப்பைக் குத்திச் செருகுவது வீடு வந்து சேர்வதற்கு நல்ல வழி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் காற்றைப் பிடித்துவைக்க ஒரு தனி ரப்பர் படலம் உண்டு. டியூபின் வேலையைச் செய்வது அதுதான். ஸ்ட்ரிப் ஓட்டையை அடைக்குமே தவிர அந்தப் படலத்தைச் சேர்த்து ஒட்டாது. ஈரம் கம்பி வரை போனால் துரு. மஷ்ரூம் பேட்ச் என்று கேள். காளான் வடிவம்: காம்பு ஓட்டைக்குள் போகும், குடை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சுரண்டி, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, உருளையால் அழுத்த வேண்டும். அரை மணி நேர வேலை; ஸ்ட்ரிப்பைவிடச் சில நூறு ரூபாய் கூட ஆகலாம். மாட்டும்போது வீல் பேலன்ஸிங்கும் பார்த்துவிடு.

ஒட்டலாம் என்று தெரிந்தாலும் டயருக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று பார். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்; நம் நாட்டு விதிப்படி அதுதான் கடைசி எல்லை. நான் மழைக்காலத்துக்கு முன் அவ்வளவு தூரம் காத்திருக்க மாட்டேன். வயதுக்கு, பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பழைய வண்டி வாங்கியிருக்கிறாய், இதைக் கட்டாயம் பார். ஐந்தாறு வருடம் தாண்டி, பக்கத்தில் வெடிப்பும் விழுந்திருந்தால் அதற்குப் பேட்ச் போடுவது வீண் செலவு.

மாற்றத்தான் வேண்டும் என்றால் நாலும் வேண்டாம். ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருந்தால் போதும். மற்றது புதுசாகவே இருந்தால் ஒன்று மட்டும் போடு. இரண்டு வாங்கினால் பின்சக்கரத்தில் மாட்டச் சொல். இன்ஜின் இழுப்பது முன்சக்கரம்தானே என்று கடையில் வாதாடுவார்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரமாகும்.

ஸ்டெப்னியையும் எட்டிப் பார். அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு: வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயரை நம்மூர் மெக்கானிக்குகள் இன்றும் தினம் சொல்கிறார்கள். உன் டிக்கிக்குள் கிடப்பதில் காற்று இருக்கிறதா, அதன் நாலு எண் என்ன?

சனிக்கிழமை கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. இந்த முறை நேராகப் பிடி.

உன்
பெரியப்பா