அந்தரங்கமும் நட்பின் கடமையும்

நம்மைப் பற்றிய செய்திகளுள் எவற்றை, எவர்க்கு, எவ்வளவில் அறிவிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை நம்முடையது. அவ்வுரிமையையே ஈண்டு அந்தரங்கம் என்கின்றோம். குற்றம் உடையார்க்கே அந்தரங்கம் வேண்டும் என்று கூறுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது, வீட்டிற்குக் கதவு வைப்பவரெல்லாம் களவுப்பொருளை உள்ளே வைத்திருப்பவர் அல்லர். சமூக வலைத்தளங்களில் இவ்வுரிமை எவ்வாறு நழுவுகின்றது என்பதையும், மாணவராகிய நாம் செய்யற்பாலது யாது என்பதையும் சிறிது ஆராய்வாம்.

வலைத்தளத்தார் நம்மைப் பற்றி அறியும் வழிகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, நாமே மனமொப்பிக் கொடுப்பவை. பெயர், பிறந்த நாள், ஊர், நிழற்படம் முதலியன இவ்வகையின.

இரண்டாவது, நம் செயல்களைக்கொண்டு பிறர் ஊகித்துக்கொள்பவை. 2013ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், 58,000 பேருக்கு மேற்பட்ட தன்னார்வலர் முகநூலில் இட்ட விருப்பக் குறிகளை ஆராய்ந்தனர். அக்குறிகளைக்கொண்டே ஒருவருடைய அரசியற் சார்பு, சமயம் போன்றவற்றைப் பெரும்பாலும் சரியாகக் கணிக்கலாம் என்று அவர்கள் காட்டினர். நாம் எழுதாத செய்தியும் இவ்வாறு வெளிப்பட்டுவிடுகின்றது.

மூன்றாவது, நம் நண்பர் நம்மைப் பற்றித் தருபவை. முதலிரண்டு வழிகளையும் நம் எச்சரிக்கையால் ஒருவாறு குறுக்கிக்கொள்ளலாம். மூன்றாவதோ நம் கையில் இல்லை. இதன் வன்மையை உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றால் விளக்குவாம்.

2014ஆம் ஆண்டையொட்டி, அலெக்சாண்டர் கோகன் என்னும் உளநூல் ஆராய்ச்சியாளர் முகநூலோடு இணைந்த வினாவிடைச் செயலி ஒன்றை அமைத்தார். தம் மனவியல்பை அறியலாம் என்னும் அவாவினாலோ, கிடைத்த சிறு ஊதியத்தினாலோ, ஏறக்குறைய 2,70,000 பேர் அதனை ஏற்றனர். அக்காலத்து முகநூல் விதிகளின்படி, செயலியை ஏற்றவர் செய்திகளோடு அவர்தம் நண்பர்களின் செய்திகளையும் எடுத்துக்கொள்ள இடமிருந்தது. அவ்வாறு திரண்டவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தைச் சென்றடைந்தன. 2018 மார்ச்சு மாதத்தில் இது பத்திரிகைகளில் வெளியாயிற்று. அடுத்த மாதம் முகநூல் நிறுவனத்தாரே, 8 கோடியே 70 லட்சம் பேர் வரை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டனர். இந்தியாவில் அச்செயலியை ஏற்றவர் 335 பேரே. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவரோ 5,62,455 பேர். இவர்களுள் மிகப் பலர் அச்செயலியின் பெயரையும் கேட்டறியார். இவர்களை எவரும் சம்மதம் கேட்கவில்லை. இவர்தம் நண்பர் கொடுத்த சம்மதமே போதுமானதாயிற்று.

2019ஆம் ஆண்டில் அமெரிக்க வாணிக ஆணையம், பயனாளரின் அந்தரங்கத்தைக் காக்கத் தவறியமைக்காக முகநூல் நிறுவனத்திற்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. தண்டம் பெரிது. எனினும் வெளிப்போன செய்தியைத் தண்டம் திருப்பிக் கொணராது.

சட்டம் நம்மைக் காவாதோ எனின், ஓரளவிற்குக் காக்கும். 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மர், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். தனிமனிதரின் மின்வழிச் செய்திகளைக் காப்பதற்கு 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆயினும் தனியொருவர் தம் சொந்தக் காரியத்திற்காகவோ வீட்டுக் காரியத்திற்காகவோ கையாளும் செய்திகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. நிறுவனத்தைச் சட்டம் கட்டும். நண்பனை அவன் பண்பே கட்டவேண்டும்.

இதனைப் பிறர்க்கு உரைக்குமுன் எம் பிழையையும் கூறுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன், விடுதி விருந்தில் எடுத்த நிழற்படம் ஒன்றை, அதிலிருந்தார் பெயர்களோடு எல்லாரும் காணுமாறு யாம் வெளியிட்டோம். அப்படத்தில் இருந்த தோழர் ஒருவர் வீட்டில் துக்கம் நிகழ்ந்து பத்து நாளும் ஆகவில்லை. வரமாட்டேன் என்றவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றவர்களும் யாமே. அவர் விருந்தில் சிரித்திருந்ததை உறவினர் கண்டு, அவர் தாயாரிடம் குறை கூறினர். மறுநாள் அவர் எம்மிடம் வந்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. படத்தை உடனே நீக்கினோம். அதற்குள் அது பலருடைய கைப்பேசிகளில் ஏறிவிட்டது.

ஆதலின், பின்வரும் நான்கினை நாம் வழக்கமாக்கிக்கொள்ளல் நன்று. பிறர் இருக்கும் படத்தை அவரைக் கேட்டே வெளியிடுக. புதிய செயலி ஒன்று நம் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களைக் கேட்குமாயின், அவை நம் எண்கள் அல்ல, நம்பித் தந்தவர் எண்கள் என நினைந்து, இன்றியமையாத தேவை இல்லையேல் மறுத்துவிடுக. விளையாட்டு வினாக்களுக்கு விடையிறுக்குமுன், அவை எவற்றையெல்லாம் பார்க்க இசைவு கேட்கின்றன என்று படித்தறிக. ஒருவர் நம்மை நம்பி எழுதியதை, அவர் அறியாமல் மற்றொரு குழுவிற்கு அனுப்பாதொழிக.

இவை அரிய செயல்கள் அல்ல. ஒவ்வொன்றிற்கும் வேண்டுவது சில நொடிப்பொழுதும், கேட்கும் ஒரு வார்த்தையுமே. அவ்வார்த்தையை யாம் அன்று கேளாது விட்டோம். அத்தோழர் இன்றும் எம் நண்பரே. ஆயினும் எம் கையில் கைப்பேசியைக் கண்டால் அவர் சற்றே விலகி நிற்கின்றார்.