‘கலீசு’ என்னும் சொல்

தேனாம்பேட்டைத் தெருக்களில் நடந்து செல்வோர் ‘கலீஜ்’ என்னும் சொல்லைக் கேளாது திரும்புதல் அரிது. சேறு படிந்த சட்டை கலீஜ். குப்பை சிதறிய தெருமுனை கலீஜ். வாய்க்கு வந்தபடி ஏசுவோன் பேச்சும் கலீஜ். கண்ணுக்கு அழகற்றது, கைக்குத் தூய்மையற்றது, காதுக்கு இனிமையற்றது ஆகிய மூன்றனையும் இவ்வொரு சொல்லே சுட்டுகின்றது. தமிழ் எழுத்தால் எழுதுங்கால் இது ‘கலீசு’ என்றாகும்.

இதனைச் சென்னைக் கொச்சை என்று ஒதுக்குவோர் பலர். கொச்சைதான், ஆயினும் கொச்சைச் சொல்லுக்கும் பிறந்த வீடு ஒன்று உண்டன்றோ? இதன் பிறந்த வீடு அரபு மொழி. தடித்தது, கனத்தது, முரடானது என்பன அங்கு இதன் பொருள்கள். உறுதிமிக்க உடன்படிக்கையையும் இவ்வடைமொழியால் சிறப்பிப்பது அம்மொழி மரபு. பாரசீகத்திற் புகுந்து, செறிந்து குழம்பிய நீர்மப் பொருளையும் இது குறித்தது. உருதுவில் அழுக்கு என்னும் பொருள் மேலோங்கிற்று. தடித்த நீர் கலங்கலாகவும், கலங்கல் அழுக்காகவும் எண்ணப்பட்டன போலும். நறுமணத்திற்கும் உரியதாயிருந்த ‘நாற்றம்’ என்னும் நம் சொல், இன்று தீய மணம் ஒன்றையே குறிப்பதையும் இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாசாவின் அரண்மனை 1768-ஆம் ஆண்டில் சேப்பாக்கத்தில் எழுந்தது. திருவல்லிக்கேணியில் வாலாசா பள்ளிவாசல் 1795-இல் கட்டப்பெற்றது. உருது பேசும் குடும்பங்கள் அப்பகுதியிலும் இராயப்பேட்டையிலும் வாழ்ந்து வந்தன. இராயப்பேட்டைக்கு அடுத்தது தேனாம்பேட்டை. கொடுக்கல் வாங்கலிலே சொற்களும் கைமாறின. ‘பஜார்’, ‘பேஜார்’ முதலியனவும் பாரசீகத்திற் பிறந்து இங்ஙனம் வந்தவையே. அச்சொற்களில் தமிழுக்கில்லாத ஓரொலி, நம்மவர் நாவில் ‘ஜ’கரமாயிற்று. தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொற்களுள் இதனைத் திசைச்சொல்லின்பாற் படுத்தல் தகும் என்பது என் துணிபு.

‘அவலட்சணம்’ என்னும் வடசொல்லோடு இதனை வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். ‘அவ’ என்னும் முன்னொட்டு இழிவைக் காட்டுவது. இலட்சணம் என்பது இயல்பாயமைந்த அடையாளம். ஆகவே அச்சொல் ஒருவர் பிறப்போடு பெற்ற உருவத்தையே பழிக்கின்றது. கலீசோ வெளியிலிருந்து வந்து படிந்ததைச் சொல்லும். சட்டையை வெளுத்தால் கலீசு நீங்கிவிடும். இவ்வளவில் அது குற்றமற்ற சொல்லே. ஆனால் நாள்தோறும் நம் தெருக் குப்பையை வாரிச் செல்வோரைப் பார்த்துச் சிலர் அதனைச் சொல்லக் கேட்கிறோம். பொருளின்மேல் நின்ற சொல் ஆளின்மேல் ஏறிவிட்டால், எந்த நீரால் அதனைக் கழுவுவது? அழுக்கை ஆக்கியவன் தூயவனாகவும், அகற்றுபவன் கலீசாகவும் பேசப்படுவது சொல்லின் பிழையன்று, சொல்லுவோன் பிழை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் ‘இளிவரல்’ என ஒன்றனைக் கூறி, அது பிறக்கும் நிலைக்களன்களை எண்ணிக் காட்டுகின்றார். அவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கே. மென்மை என்பதற்கு வறுமை என உரை கண்டனர். உருவத்தின் அழகின்மை அந்நான்கனுள் ஒன்றாக வைக்கப்படவில்லை.