'கஜினி' நாயகனுக்கு வந்தது எந்த மறதி?

2005-இல் 'கஜினி' படம் வந்த பிறகு 'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்பது தமிழ்நாட்டில் வீட்டுப் பேச்சாகிவிட்டது. தலையில் அடிபட்ட நாயகனுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் அழிந்துபோகும். உடம்பில் பச்சை குத்திக்கொண்டும் புகைப்படங்களில் குறிப்பெழுதியும் சமாளிப்பான். படத்தோடு சேர்ந்து ஒரு நம்பிக்கையும் வேரூன்றியது: காலையில் நடந்ததை மாலையில் மறந்தால் குறுகிய கால நினைவு போய்விட்டது, பள்ளிப் பருவம் மறக்காமல் இருந்தால் நீண்ட கால நினைவு நன்றாக இருக்கிறது. சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடும் இருபது வயதுக்காரர்கள் தங்களைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். வயதான தாய் தந்தையைப் பற்றிப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் அது பொருந்தாது. ஆய்வாளர்கள் குறுகிய கால நினைவு என்று குறிப்பிடுவது மணிக்கணக்கில் நிற்பதை அல்ல. இந்தக் கணத்தில் கவனம் எதைப் பிடித்துவைத்திருக்கிறதோ அதை மட்டும்தான். கவனம் அதை விட்டுவிட்டால் சில நொடிகளில் கரைந்துபோகும். நோயே இல்லாத மூளையிலும் அப்படித்தான்.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்கரான ஹென்றி மொலேசன். கடுமையான வலிப்பு நோயைத் தீர்க்க 1953-இல், அவருடைய 27-ஆவது வயதில், மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் வெட்டி எடுத்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் 2008-இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த மனிதர்களையோ உண்ட உணவையோ அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. 'கஜினி' நாயகனின் நிலைக்கு மிக நெருங்கிய உண்மை வாழ்க்கை இதுதான். ஆனாலும் மொலேசனின் குறுகிய கால நினைவு பழுதாகவில்லை. எண்களை வரிசையாகச் சொன்னால் இயல்பான அளவுக்கு உடனே திருப்பிச் சொல்வார். நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒருமுறை அவரிடம் 584 என்ற எண்ணைக் கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னார். இடையில் யாரும் குறுக்கிடாததால் அவர் மனத்துக்குள் கூட்டிக் கழித்து, அந்த எண்ணை விடாமல் உருட்டிக்கொண்டே இருந்து, கால் மணி நேரம் கழித்துச் சரியாகச் சொன்னார். பேச்சு வேறு திசைக்குத் திரும்பிய அடுத்த நிமிடத்தில் எண்ணும் போயிற்று, எண் ஒன்று கேட்கப்பட்டது என்பதும் போயிற்று. படத்தில் ஒரு கடிகாரம் நினைவை அழிக்கிறது. மொலேசனுக்கோ அதே பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. கவனம் விலகியதுதான் அழித்தது. அவருக்கு உடைந்திருந்தது, இப்போதைய கணத்திலிருந்து நிலையான நினைவுக்குப் போகும் வழி.

அப்படியானால் குறுகிய கால நினைவே போனால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நோயாளியும் இருந்தார். லண்டனில் எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் 1969-இல் அவரைப் பற்றி எழுதினார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டவர். காதால் கேட்ட எண்களில் ஒன்றையோ இரண்டையோ மட்டுமே அவரால் உடனே திருப்பிச் சொல்ல முடிந்தது. ஆனால் புதிய விஷயங்களைக் கற்று நாள்கணக்கில் நினைவில் வைத்திருந்தார். தொலைபேசி எண்ணைச் சொன்னால் தடுமாறுவார். காலையில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவார். நாம் பேச்சில் சொல்வதற்கு நேர் எதிர். இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டு நினைவுகளும் ஒரே பாதையில் முன்பின்னாக நிற்பவை என்ற எண்ணமும் ஆட்டம் காண்கிறது.

நோயற்றவர்களிடம் செய்த சோதனைகளும் இதையே சொல்கின்றன. 1959-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் மாணவர்களுக்கு மூன்றே மெய்யெழுத்துகளைக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். பதினெட்டு நொடியில் பத்துக்கு ஒருமுறைதான் அந்த எழுத்துகள் மிஞ்சின. நேரம்தான் அழிக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். மூன்று ஆண்டு கழித்துக் கெப்பலும் அண்டர்வுட்டும் முதல் முறை கேட்கும்போது மறதி மிகக் குறைவு என்று காட்டினார்கள். அடுத்தடுத்து வரும் எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்புவதால்தான் மறதி பெருகுகிறது. குறுகிய கால நினைவின் கொள்ளளவைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு, ஒரே நேரத்தில் ஏழு உருப்படிகள் என்று. ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அவரே அதை ஒரு விதியாக முன்வைக்கவில்லை. மனத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொள்வதையும் சேர்த்துக் கட்டுவதையும் தடுத்துவிட்டு அளந்தால் நான்கு அளவில்தான் நிற்கிறது என்று 2001-இல் நெல்சன் கோவன் சான்றுகளைத் தொகுத்துக் காட்டினார்.

சாவிக்கு வருவோம். கதவைத் திறக்கும்போது கையில் பை, காதில் போன், மனத்தில் அலுவலகத் தகராறு. சாவி மேசைமேல் வைக்கப்பட்ட கணத்தில் கவனம் அங்கே இல்லை. உள்ளே பதியாத ஒன்று தொலைந்துபோக முடியாது. டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-இல் வெளியிட்ட சோதனையில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நடுவே கொரில்லா வேடத்தில் நடந்துபோனவரைக் காணவே இல்லை. அவர்கள் கண்ணிலும் நினைவிலும் கோளாறு எதுவும் இல்லை.

நம் ஊரிலிருந்தே ஒரு வலுவான மறுப்பு எழும்: பிடிப்பது நான்கைந்துதான் என்றால், 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் புலவர் செய்குத்தம்பிப் பாவலர், ஒரே வேளையில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்தது எப்படி? மதிக்க வேண்டிய கேள்வி. விடைக்கான திசையை 1980-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், ஆய்வாளர்கள் எரிக்சன், சேஸ் ஆகியோரின் மேற்பார்வையில் ஏறத்தாழ 230 மணி நேரம் பயின்று, கேட்டுத் திருப்பிச் சொல்லும் எண் வரிசையை ஏழிலிருந்து எண்பது அளவுக்கு உயர்த்தினார். அவர் ஓட்டப் பந்தயக்காரர். 3492 என்று கேட்டால் ஒரு மைல் ஓட ஆன 3 நிமிடம் 49.2 நொடி என்று கட்டிவைப்பார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். குறுகிய கால நினைவு விரியவில்லை. ஓட்ட நேரங்களைப் பற்றி ஏற்கெனவே உறுதியாய் இருந்த அறிவு அதன் சுமையை வாங்கிக்கொண்டது. யாப்பும் இலக்கணமும் ஆயிரக்கணக்கான பாடல்களும் ஊறிய ஒருவருக்கு வெண்பாவின் ஈற்றடி கிடைத்தவுடன் சீரும் எதுகையும் தாமே வரிசைகட்டுகின்றன. எண்ணிக்கைகளை மாற்றி மாற்றிக் கவனிக்க மனம் ஓய்வாகிறது. பாவலரின் திறனை இப்படிப் புரிந்துகொள்வதே சரி என்று எனக்குப் படுகிறது. அவருடைய பெருமை இதனால் கூடத்தான் செய்கிறது. நினைவாற்றல் செயலிகள் நாளுக்குப் பத்து நிமிடம் விளையாடச் சொல்லி விற்பனை செய்வதோ வேறு: அந்த விளையாட்டில் மதிப்பெண் ஏறும், படிப்புக்கும் வேலைக்கும் அந்தத் தேர்ச்சி பரவியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

பெயர் மாறினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். வீட்டில் முதியவர் இருந்தால் நிச்சயம் பாதிக்கும். அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதிகளையும் முதலில் தாக்குகிறது. அதனால் தொடக்கத்தில் நோயாளியின் குறுகிய கால நினைவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பேச்சில் கோர்வை இருக்கும், சொன்னதை உடனே திருப்பிச் சொல்வார். அதைப் பார்த்துவிட்டுத்தான், "அப்பாவுக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார்" என்று பிள்ளைகள் எரிந்து விழுகிறார்கள். மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்து, வேறு கணக்கில் சில நிமிடம் ஈடுபடுத்தி, பிறகு அதே சொற்களைக் கேட்பது இந்த இரண்டு நினைவுகளையும் தனித்தனியே பார்க்கத்தான். மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் போகும்போது மறதி எப்போது தொடங்கியது, கேட்டதை உடனே சொல்கிறாரா, பத்து நிமிடம் கழித்து ஒரு துப்புக் கொடுத்தால் நினைவுக்கு வருகிறதா, துப்புக் கொடுத்தும் அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்கிறாரா என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். மருத்துவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.