திறவுகோல் நம் கையில்

நுழையும்முன்

ஈட்டிய பொருளைக் காத்தலையும் அரசின் திறன்களுள் ஒன்றாக எண்ணினார் வள்ளுவர். இணையத்தின் வழியே பணம் கைமாறும் இக்காலத்தில் அத்திறன் ஒவ்வொருவருக்கும் தேவையாகிறது. பணத்தோடு நம் அடையாளத்தையும் காக்கும் வழியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அடையாளத் திருட்டு

தென்சென்னையில் உள்ள தரமணி, கல்வி நிலையங்களும் கணினி நிறுவனங்களும் நெருங்கி அமைந்த பகுதியாகும். 2000ஆம் ஆண்டில் இங்குத் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, தமிழகத்தின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சிக்குச் சான்றாக நிற்கிறது. படிப்பும் பணியும் தேடி இத்தகைய இடங்களுக்கு வரும் இளைஞர்கள், விடுதியில் சேரும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் ஆதார் படி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பலரிடம் அளிக்க நேர்கிறது. அவை பிறகு யார் கைக்குச் செல்கின்றன என்பதை அவர்கள் அறிவதில்லை.

ஒருவருடைய விவரங்களைக் கவர்ந்து, அவரைப் போலவே நடித்து ஏமாற்றுவது அடையாளத் திருட்டு. பிறருடைய கடவுச்சொல், மின்னணுக் கையொப்பம் போன்றவற்றை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இடமளிக்கிறது.

சென்னை கண்ட வழக்கு

2007ஆம் ஆண்டில், வளைகுடா நாட்டில் பணிபுரிந்த தமிழர் ஒருவருக்குத் தம் வங்கி அனுப்பியது போன்றதொரு மின்னஞ்சல் வந்தது. அதனை உண்மையென நம்பி, கேட்கப்பட்ட விவரங்களை அவர் அனுப்பினார். அவருடைய கணக்கிலிருந்து ஏறத்தாழ 6.46 இலட்சம் ரூபாய் வேறொரு வாடிக்கையாளரின் கணக்கிற்குச் சென்றது. இரகசிய விவரத்தை வெளியிட்டது அவருடைய பிழையே என்று வங்கி வாதிட்டது.

அவர் வாளா இருந்துவிடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் முறையிட்டார். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அலுவலராக இருந்து அவ்வழக்கை விசாரித்தார். 12.85 இலட்சம் ரூபாய் வழங்குமாறு ஐசிஐசிஐ வங்கிக்கு 2010 ஏப்ரலில் அவர் ஆணையிட்டார்.

இவ்வழக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. இணையத் திருடன் பூட்டை உடைப்பதில்லை. திறவுகோலை நம்மிடமே கேட்டுப் பெறுகிறான். ஏமாந்தவர் வெட்கப்பட்டு ஒதுங்காமல் முறையிட்டால், நீதி கிடைக்க வழியுண்டு.

மாறிவரும் வேடங்கள்

அன்று மின்னஞ்சலாக வந்த மோசடி, இன்று குறுஞ்செய்தியாகவும் காணொலி அழைப்பாகவும் வருகிறது. வேடம் மாறினும் அச்சம், ஆசை, அவசரம் ஆகிய மூன்றுமே அதன் கருவிகள். காவல் அதிகாரிபோலத் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாக மிரட்டுவது அச்சத்தைத் தூண்டும் முறை. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை. முன்பணம் கட்டினால் வேலை உறுதி என்பது ஆசையைத் தூண்டும் முறை. இன்றே விவரம் தராவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்பது அவசரத்தைத் தூண்டும் முறை.

மாணவர்கள் அறிய வேண்டிய மற்றொரு வலையும் உண்டு. சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தக் கொடுப்போர், திருட்டுப் பணம் செல்லும் பாதையாகி வழக்கில் சிக்குகின்றனர்.

காக்கும் வழிகள்

• ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறாதீர்கள். வங்கி அலுவலர் என்பவரிடமும் கூறாதீர்கள்.
• யு.பி.ஐ. வழியாகப் பணம் பெற இரகசிய எண் தேவையில்லை. அதைப் பதியச் சொன்னால், பணம் போகப்போகிறது என்று உணருங்கள்.
• முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் படியை, ஏற்கப்படும் இடங்களில் அளியுங்கள்.
• ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்து, பற்றட்டையின் பின்புறம் உள்ள வங்கி எண்ணை நீங்களே அழையுங்கள்.

விரைவே காப்பு

பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். திருடப்பட்ட பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து செல்வதற்குள் அதனை முடக்க இது உதவும். வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்கும் ஒவ்வொரு மணித்துளியும் திருடனுக்கே உதவுகிறது. ஏமாந்தவரைப் பழிக்காமல் துணை நிற்பது குடும்பத்தாரின் கடமை.

தெரியுமா?

வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இன்றி நிகழும் மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், வாடிக்கையாளர் இழப்பை ஏற்க வேண்டியதில்லை என 2017 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் உள்ள முதியோருக்கு இணைய மோசடிகளை விளக்கி, 1930 என்னும் எண்ணை அவர்களுடைய திறன்பேசியில் பதிந்து தருக.