சொலிசிற்றர் கட்டணம் பற்றி மருமகனுக்கு

அன்புள்ள மருமகன் அறிவது,

நீ வாங்க உத்தேசித்திருக்கும் 400,000 பவுண் வீட்டின் சட்டக் கருமங்களுக்காக இரண்டு சொலிசிற்றர் கந்தோர்கள் தந்த மதிப்பீட்டுக் கடிதங்களின் பிரதிகளை அனுப்பி, ஒருவர் 650 பவுணும் மற்றவர் 1,250 பவுணும் கேட்பதில் என்ன நியாயம், ஒரே வேலைக்கு மலிவானவரை அமர்த்திக்கொண்டால் குறைந்தா போய்விடுவோம் என்று நீ எழுதியிருந்தது கிடைத்தது. என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை லண்டன் சொலிசிற்றர் கந்தோரொன்றின் கணக்குப் பகுதியில் கழித்தவனாகையால், இத்தகைய கடிதங்களை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கும் வழக்கம் எனக்கில்லை. கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.

அப்படித் தொடங்கியபோது கண்டதைச் சொல்கிறேன். 650 பவுண் என்பது தடித்த எழுத்தில் முதற்பக்கத்தில் நிற்க, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளிலே, கடன் தரும் வங்கிக்காகவும் கருமமாற்றுவதற்கு 175 பவுண், முத்திரைத் தீர்வைப் படிவத்தைச் சமர்ப்பிப்பதற்கு 90, நானும் உன் தகப்பனாரும் தரவிருக்கும் அன்பளிப்புப் பணத்தை விசாரிப்பதற்கு ஆளுக்கு 85 வீதம் 170, வங்கி மூலம் பணம் அனுப்புவதற்கு 45, அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு 20 என்று ஒவ்வொன்றாக ஏறி, மொத்தம் 1,150 ஆகி, 20 சதவீத வற் வரியும் சேர 1,380 பவுணாகிறது. மற்றக் கடிதத்திலோ இவையெல்லாம் 1,250-க்குள் அடக்கமென்று தெளிவாக எழுதப்பட்டிருப்பதால், வரியுடன் 1,500 பவுணோடு கணக்கு முடிகிறது. நீ 600 பவுண் என்று எண்ணியிருந்த வித்தியாசம் உண்மையில் 120 பவுண்தான். இதில் மோசடி எதுவுமில்லை. சிறிய எழுத்தை வாசிக்கப் பொறுமையில்லாதவர்களை நம்பி நடத்தப்படும் வியாபார தந்திரம் என்று மட்டும் சொல்லலாம்.

இவற்றுக்கு அப்பால், உள்ளூராட்சி மன்றத்துத் தேடுதல், நீர் வடிகால் விசாரணை, சுற்றாடல் அறிக்கை, காணிப் பதிவகத்தின் கட்டணம் ஆகியவை இரண்டு கடிதங்களிலும் ஏறக்குறைய ஒரே தொகையாகவே இருப்பதைக் கவனித்திருப்பாய். அவை சொலிசிற்றரின் கையைக் கடந்து பிறரிடம் போகும் பணம். அவற்றில் பேரம் பேசிப் பிரயோசனமில்லை. வங்கி மூலம் பணம் அனுப்பும் கட்டணத்தை மட்டும் இவ்வகையில் சேர்த்துவிடாதே. வங்கி அவரிடம் அறவிடுவது பெரும்பாலும் சிறு தொகை. எஞ்சியது கந்தோரின் வரவு. அதை வங்கிச் செலவென்று காட்டாமல் தம் கட்டணமென்றே காட்ட வேண்டுமென்பது அவர்களுக்குரிய விதி.

ஒரு காலத்தில் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே இடமிருக்கவில்லை. வீட்டின் விலைக்கேற்ப இன்ன கட்டணம் என்று சட்டபூர்வமாக வகுக்கப்பட்டிருந்த அட்டவணை 1973-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. சொலிசிற்றர்கள் விளம்பரம் செய்வதற்கு 1984-இல் அனுமதி கிடைத்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அனுமதிபெற்ற கன்வெயன்சர்கள் என்ற தனி வகுப்பினர் தோன்றி, வீட்டுரிமை மாற்ற வேலையில் சொலிசிற்றர்களுக்கிருந்த ஏகபோகமும் போயிற்று. 2018 டிசெம்பர் முதல் சொலிசிற்றர் கந்தோர்கள் இவ்வேலைக்கான தம் கட்டண விவரத்தை இணையத்தில் பகிரங்கமாக வெளியிடவும் கடமைப்பட்டிருக்கின்றன. போட்டியினால் கட்டணம் இறங்கியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், இறங்கிய கட்டணத்தை எண்ணிக்கையால் ஈடுசெய்யும் பொருட்டு ஓர் உத்தியோகஸ்தரின் மேசையில் கோவைகளைக் குவித்து, எவருடைய வீடு எந்த நிலையில் இருக்கிறதென்று அவரே அறியாதபடி செய்யும் கந்தோர்களும் அதன் பயனாகவே பெருகின. ஆகவே, நீ இருவரிடமும் முதலில் கேட்க வேண்டியது, என் கோவையைப் பார்க்கப்போகிறவர் யார், அவருடைய தகைமை என்ன, அவர் லீவில் நிற்கும் வாரத்தில் என் தொலைபேசி அழைப்புக்கு மறுமொழி சொல்பவர் யார் என்பதுதான். இதற்கு நேரான விடை தராத கந்தோர் 650 பவுணுக்கும் விலை அதிகம்.

இனி, இக்கடிதத்தை நான் எழுதியதன் முக்கிய காரணத்துக்கு வருகிறேன். மருமகளுக்குச் சீதனமாக எழுதப்பட்ட கோண்டாவில் வீட்டைப் பற்றி நீ சொலிசிற்றரிடம் ஏதேனும் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய் என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தில் வீடு வாங்குவதற்கும் ஊரிலுள்ள சீதன வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் முத்திரைத் தீர்வைச் சட்டம் உலகத்தில் எங்கே வீடு இருந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள வீதங்களின்படி, முதன்முறை வீடு வாங்குபவருக்கு 300,000 பவுண் வரை தீர்வை இல்லை. அதற்கு மேற்பட்ட 100,000 பவுணுக்கு 5 சதவீதமாக நீ 5,000 பவுண் செலுத்தினால் போதும். மருமகளின் பெயரையும் உறுதியில் சேர்த்தால், அவள் ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு உரியவளாகையால் அந்தச் சலுகை இருவருக்குமே இல்லாமற்போய், சாதாரண வீதப்படி 10,000 பவுண் ஆகும். கோண்டாவில் வீட்டின் இன்றைய பெறுமதி 40,000 பவுணோ அதற்கு மேலோ என்று மதிக்கப்பட்டால், சேர்ந்து வாழும் கணவன் மனைவியரைச் சட்டம் ஒருவராகவே கொள்வதால், நீ தனியே உன் பெயரில் வாங்கினாலும் மேலதிக வீட்டுக்குரிய 5 சதவீதம் முழு விலையின்மீதும் ஏறி, 30,000 பவுண் கட்ட நேரிடும்.

ஐயாயிரமா, பத்தாயிரமா, முப்பதாயிரமா என்பது ஊரிலுள்ள ஒரு வீட்டின் மதிப்பீட்டையும் இங்கே உறுதியில் எழுதப்படும் பெயரையும் பொறுத்திருக்க, நீ 120 பவுணைப் பற்றி இரவில் நித்திரையின்றி யோசித்துக்கொண்டிருக்கிறாய். இக்கேள்வியைத் தாமாகவே கேட்டு, விடையை எழுத்தில் வாங்கி, வேண்டுமானால் ஊரிலிருந்து முறையான மதிப்பீட்டுப் பத்திரம் தருவிக்கும்படி சொல்பவரே உனக்கு வேண்டிய சொலிசிற்றர். மலிவான கடிதத்தின் நிபந்தனைகளில், தீர்வை சம்பந்தமான ஆலோசனை இக்கட்டணத்துள் அடங்காது என்றொரு வரி இருப்பதைக் கோடிட்டு வைத்திருக்கிறேன். பல கந்தோர்கள் அப்படித்தான் எழுதுகின்றன. மற்றவரிடமும் இதைப்பற்றி வெளிப்படையாகக் கேள். தனிக் கட்டணம் கேட்டாலும் கொடு. மறைத்துவிடலாமே என்று உன் நண்பர்கள் எவரேனும் யோசனை சொல்லக்கூடும். படிவத்தில் உள்ளது உண்மையென்று உறுதி சொல்பவன் நீயே, சொலிசிற்றர் அல்லர் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடு.

பணத்தின் மூலத்தைப் பற்றியும் இதேபோல ஒரு வார்த்தை. நம்மவர்கள் முற்பணத்தைச் சேர்க்கும் விதம் உனக்குத் தெரியும்: கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் சீட்டுக்காசு, கொஞ்சம் கனடாவிலுள்ள சகோதரன் அனுப்பியது, கொஞ்சம் நகை விற்றது. நமக்குள் இது நாணயமான பணம். ஒரு சீட்டுக்காரியின் சொல்லுக்கு உள்ள மதிப்பு வங்கிக் கடிதத்துக்கும் இல்லை. ஆனால் பணத்தூய்மையாக்கலைத் தடுக்கும் 2017-ஆம் ஆண்டு விதிகளுக்குக் கட்டுப்பட்ட சொலிசிற்றருக்கு, உன் கணக்கில் திடீரென்று விழுந்த பன்னிரண்டாயிரம் பவுணுக்குச் சீட்டு என்ற சொல் போதிய விளக்கம் ஆகாது. அவர் விசாரிக்க விசாரிக்க நாட்கள் போகும். சில இடங்களில் கட்டணமும் ஏறும். ஆகையால் சீட்டு எடுத்த நாள், மாதாமாதம் கட்டிய தொகை, தந்தவரின் விவரம், வங்கிக் கூற்று எல்லாவற்றையும் இப்போதே ஒழுங்குபடுத்திக் கொடு. என் பங்குக்கு நான் தருவது அன்பளிப்பே. திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் உரிமையும் கோர மாட்டேன் என்று கையொப்பமிட்டுத் தருகிறேன், என் வங்கிக் கூற்றுகளையும் தருகிறேன். உன் தகப்பனார் தருவதைக் கடனாகத் தருகிறாரா அன்பளிப்பாகத் தருகிறாரா என்பதை அவரிடம் வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள். கடனை அன்பளிப்பென்று எழுதினால் வங்கியை ஏமாற்றியதாகும். அதே சொலிசிற்றர் வங்கிக்காகவும் கருமமாற்றுவதால், உண்மை தெரிந்த பின் அவர் மௌனமாக இருக்கவும் முடியாது.

நம் ஊரில் நொத்தாரிசின் முன் இரு சாட்சிகளோடு ஒப்பமிட்டு உறுதி முடித்துவிட்டால் காரியம் முடிந்ததென்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இங்கே இத்தனை வாரம் கடிதம் எழுதி இவர் எதைச் சம்பாதித்தார் என்ற சந்தேகம் எழுவது இயல்பே. 2018-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கை அறிந்தால் அந்தச் சந்தேகம் குறையும். லண்டனில் வீட்டுச் சொந்தக்காரரைப் போல நடித்த ஒருவன் அவ்வீட்டை விற்றுப் பணத்தோடு மறைந்தான். வாங்கியவருக்காகக் கருமமாற்றிய சொலிசிற்றர்களிடம் கவனக்குறைவு இருந்ததென்று நீதிமன்றம் காணாதபோதிலும், மெய்யான உரிமைமாற்றம் நிகழாமலே பணத்தைக் கைவிட்டதற்காக அவர்கள் பொறுப்பாளிகளாக்கப்பட்டனர். விற்பவன் தரப்புக்குக் கருமமாற்றியவர்களும் தப்பவில்லை. அந்தப் பொறுப்பையும், அதற்காக ஒவ்வொரு கந்தோரும் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய காப்புறுதியையும் சேர்த்தே நீ இந்த ஆயிரத்துச் சொச்சம் பவுணுக்கு வாங்குகிறாய். கட்டடத்தின் கூரை ஒழுகுவதற்கு மட்டும் அவர் பொறுப்பல்லர். அது சேர்வேயரின் வேலை, அதற்குத் தனியாகக் காசு எடுத்து வை.

வீட்டுத் தரகர் தம்முடைய ஆளையே அமர்த்தும்படி உன்னை நெருக்குவதாக எழுதியிருக்கிறாய். அந்த ஆளிடமிருந்து தரகருக்கு அறிமுகத் தொகை போகிறதா, எவ்வளவு என்று இருவரிடமும் கேட்க உனக்கு உரிமை உண்டு. அத்தொகை கடைசியில் உன் பையிலிருந்துதான் போகும். அவர் ஆளை மறுத்தால் வீடு கிடைக்காது என்று பயமுறுத்தினால் பயப்படாதே. நீ தெரிவு செய்பவர் உனக்குக் கடன் தரும் வங்கியின் பட்டியலில் இருக்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே பார். இல்லையெனில் வங்கி வேறொரு சொலிசிற்றரை நியமிக்க, அந்தச் செலவும் உன் தலையில் விழும்.

ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் வரை எந்தத் தரப்பும் நட்டஈடின்றி விலகிவிடலாம் என்பது இந்நாட்டு வழக்கம். அப்படி விற்பவர் விலகினால் அதுவரை செய்த வேலைக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடு. தேடுதல்களுக்குக் கட்டிய காசு எப்படியும் திரும்பாது. ஆதலால் வங்கியின் மதிப்பீடு கைக்கு வரும் வரை அவற்றுக்கு உத்தரவு கொடுக்காமல் இருப்பது நல்லது.

என் அபிப்பிராயத்தில் 1,250 பவுண் கேட்பவரே உனக்கு ஏற்றவர். மேலே சொன்ன கேள்விகளுக்கு அவர் தரும் விடைகளைப் பார்த்துத் தீர்மானி. பணம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கும்போது, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று அவர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் ஒரு சதமும் அனுப்பாதே. அவர் முதன்முதலில் அனுப்பிய கடிதத்திலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு நீயே அழைத்து, கணக்கிலக்கத்தை அவர் வாயால் சொல்லக் கேட்டு, சிறு தொகையொன்றை முதலில் அனுப்பி, கிடைத்ததென்று அறிந்த பின்னரே மிகுதியை அனுப்பு.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது கோண்டாவில் வீட்டு உறுதியின் பிரதியையும் சீட்டுக் கணக்கையும் மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா